என் பெயரில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ்

கோவில்பட்டியில் என்னைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. கலால் அதிகாரி முன்னால் சொந்தக் குடும்பத்தையே காட்டிக்கொடுத்தவள் என்பது ஒன்று. வீட்டு ஆண்கள் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டு வந்தவள் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் அன்று அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன். எழுபதைக் கடந்துவிட்ட நிலையில், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். என் மாமனார் தொடங்கிய ஆபீஸ் ஒன்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான்காகியிருந்தது. மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், பெயரில் ஒன்று. என் கணவர் பெயரில் ஒன்று. மூத்தாரின் மனைவி பெயரில் ஒன்று. நான்காவது என் பெயரில். சிறிய அளவில் உற்பத்தி செய்பவர்களுக்கு அரசு அன்று கலால் வரியில் சலுகை கொடுத்திருந்தது. ஒரே ஆபீஸ் பெரிதாக வளர்ந்தால் சலுகை போய்விடும். அதையே இரண்டு பெயரில் நடத்தினால் இரண்டுக்கும் கிடைக்கும். மனைவியின் பெயரில் ஓர் ஆபீஸ் இல்லாத வீட்டை அன்று எங்கள் தெருவில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வீடுகளில் ஒரு வழக்கமும் இருந்தது. ஆயுத பூஜையன்று காலையில் நாங்கள் தலைமுழுகி, பட்டு உடுத்தி வந்ததும், கணக்குப்பிள்ளை பித்தளைத் தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், ஒரு புதுப் பேனா ஆகியவற்றோடு அச்சடித்த லெட்டர்பேடுகளையும் கொண்டுவந்து வைப்பார். வெற்றுத் தாள்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் நாங்கள் கையெழுத்திட வேண்டும். முதலாளியின் கை நல்ல நாளில் பட்டால் ஆண்டு முழுவதும் தொழில் ஓடும் என்பார்கள். மூத்தாரின் மனைவியும் நானும் எதிரெதிரே அமர்ந்து, மை உலரத் தாளை ஆட்டிக்கொண்டே, பொங்கலுக்கு எடுக்க வேண்டிய சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு கையெழுத்திடுவோம். பிறகு கணக்குப்பிள்ளை அவற்றைப் பெட்டியில் பூட்டிவைப்பார். ஆண்டு முழுவதும் எங்கள் பெயரில் எந்தக் கடிதம் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

இத்தனைக்கும் நான் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவள். திருமண அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் அச்சிடப்பட்டிருந்தது. எங்கள் உறவில் அப்போது வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படி அச்சிட்டதில்லை.

ஒருமுறை வங்கிக் கடனைப் புதுப்பிக்க முதலாளி நேரில் வர வேண்டும் என்று கேட்டார்கள். கணவருடன் போனேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேலாளர் என்னிடம் மரியாதையாகவே, ஆபீஸில் குச்சியை மருந்தில் முக்கும் கொட்டகையும் சரக்கு வைக்கும் அறையும் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று கேட்டார். காப்பீட்டுக்காகக் கேட்ட சாதாரணக் கேள்வி அது. நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். மேலாளர் புன்னகைத்துவிட்டு, படிவத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தார். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அன்று இரவு திருமண அழைப்பிதழைத் தேடியெடுத்து, என் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை மறுபடி படித்தேன்.

அந்த ஆண்டு இளைய மகளும் விடுதிக்குப் போய்விட்டாள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் நடத்திய வணிகச் சட்டம், வரிவிதிப்புப் பட்டயப் படிப்பைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் மட்டும் வகுப்பு. விண்ணப்பத்தை நானே நிரப்பி, பணத்தை நானே கட்டிவிட்டு, பிறகு வீட்டில் சொன்னேன். கணவர் மறுக்கவில்லை. மூத்தார்தான் யோசித்தார்.

"படிக்கிறது நல்லதுதாம்மா. ஆனா யாராவது கேட்டா நெல்லையப்பர் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிக்கோ. பிள்ளைக கல்யாண வயசுல நிக்கிற வீட்டுல அம்மாக்காரி பையத் தூக்கிட்டுக் காலேஜுக்குப் போறான்னா ஊரு சிரிக்கும்லா."

சாமி பெயரில் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று மட்டும் பதில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை புத்தகங்களைக் கைப்பைக்குள் மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் போனேன். அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டு, கயத்தாறு வழியே விடியற்காலைப் பேருந்து. கோடையில் இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடக்கும். மழைக்குப் பின் அதே மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, பேருந்து தாமதமாகும். ஆனால் வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. தாமதமாகக்கூடிய நாட்களில் முந்தைய பேருந்தையே பிடித்துவிடுவேன். வருகைப் பதிவேடு இப்போதும் அங்கே இருக்குமானால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வகுப்பில் நான் ஒருத்திதான் நாற்பதைத் தாண்டிய பெண். தணிக்கையாளர்களிடம் வேலை பார்க்கும் இளைஞர்கள், வங்கி ஊழியர்கள், புதியம்புத்தூரிலிருந்து வந்த ரெடிமேட் துணி வியாபாரி ஒருவர் என்று முப்பது பேர் இருப்போம். விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாள் என்னை யாரோ ஒருவரின் தாயார் என்று நினைத்து, வெளியே பெஞ்சில் உட்காரலாம் என்றார். நுழைவுச் சீட்டைக் காட்டினேன். அதன் பிறகு ஆண்டு இறுதிவரை அவர் எனக்குக் காலை வணக்கம் சொல்லாமல் வகுப்பைத் தொடங்கியதில்லை.

ஒப்பந்தச் சட்டமும் கூட்டாண்மைச் சட்டமும் முடிந்து, கார்த்திகை மாதத்தில் கலால் சட்டம் தொடங்கியது. சலுகைக்காக ஒரே தொழிலைப் பல பெயரில் பிரித்துக் காட்டினால் துறை அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடலாம் என்று விரிவுரையாளர் விளக்கினார். பெயர் யாருடையது என்பது போதாது. கொள்முதல் யார் செய்கிறார், கூலி யார் கொடுக்கிறார், நட்டம் வந்தால் யார் தாங்குகிறார் என்று பார்ப்பார்கள் என்றார். எடுத்துக்காட்டாக ஒரு வழக்கையும் சொன்னார். மனைவியின் பெயரில் ஓர் ஆலை. விசாரணையில் அந்த அம்மாளிடம் எதைக் கேட்டாலும், வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றே சொன்னாராம். ஆலை கணவருடையதே என்று முடிவு செய்ய வேறு சாட்சியமே தேவைப்படவில்லையாம்.

வகுப்பு சிரித்தது. புதியம்புத்தூர்க்காரர் எழுந்தார்.

"சார், எங்க ஊருல தையல் மிஷினு ஒண்ணொண்ணும் ஒரு மச்சினி பேருல இருக்கு. கோர்ட்டுக்குக் கூப்பிட்டா பஸ்ஸு பத்தாது சார்."

விரிவுரையாளரும் சிரித்தார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தலைநிமிர்ந்தால் என் முகத்திலிருந்து யாராவது எதையாவது படித்துவிடுவார்களோ என்று அந்த ஒரு வகுப்பில் மட்டும் அஞ்சினேன். மாலையில் பேருந்து நிலையத்தில் அதே வியாபாரி அருகில் வந்து, "அக்கா, உங்க பேருலயும் ஒண்ணு இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் கேலி செய்யவில்லை. "எனக்கும் வீட்டுக்காரி பேருலதான்" என்று சொல்லிவிட்டுத் தம் பேருந்துக்குப் போனார்.

தை பிறந்ததும் கணவரிடம் என் ஆபீஸின் சாவியைக் கேட்டேன்.

"சாவி எதுக்கு?"

"என் பேருல இருக்குல்லா. நான் நடத்துதேன்."

"நடத்தத் தெரியணுமே."

"தெரிஞ்சுக்கிடுதேன். தெரியாம என் பேரு அங்கன இருக்கப்படாது. இல்லன்னா பேரை எடுத்துருங்க."

அவர் எழுந்தார். பிறகு உள்ளே போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவர் குறைவாகப் பேசுபவர். வைத்ததைத் திரும்ப எடுப்பவரும் அல்லர்.

தை முதல் என் ஆபீஸை நான் நடத்தினேன். இதில் ஐயமிருப்பவர்கள் அன்றைய தொழிலாளர்களைக் கேட்கலாம், பலர் உயிரோடிருக்கிறார்கள். கணவரின் ஆபீஸிலிருந்து இரவல் வந்துகொண்டிருந்த குச்சி அடுக்கும் மரச்சட்டங்களைத் திருப்பியனுப்பிவிட்டு எனக்கென்று புதிதாகச் செய்யச் சொன்னேன். ஃபோர்மேன் ஒருவரைத் தனியாக அமர்த்தினேன். குச்சி, தாள், மருந்து எல்லாவற்றுக்கும் நானே பேரம் பேசினேன். சனிக்கிழமைக் கூலியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன், சனிக்கிழமை எனக்கு வகுப்பு என்பதால். வேலை செய்த பெண்கள் அதை விரும்பினார்கள். சனிக்கிழமைச் சந்தைக்கு முதல் நாளே காசு கைக்கு வந்துவிடும் அல்லவா.

தவறும் செய்தேன். இரண்டாம் மாதம் விலை மலிவென்று வாங்கிய ஒரு லோடு குச்சி உள்ளீரத்தோடு வந்துவிட்டது. மேலே தொட்டால் காய்ந்ததுபோலவே இருந்தது. மருந்தில் முக்கி எடுத்த பிறகு குச்சிகள் வளைந்து, மருந்துத் தலைகள் உதிர்ந்தன. கணவர் தம் ஆபீஸிலிருந்து சரக்குக் கொடுத்து ஈடுகட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். குச்சி வியாபாரிக்கு என் கையாலேயே நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். பொருள் விற்பனைச் சட்டத்தில் அப்போதுதான் படித்திருந்த பிரிவுகளையெல்லாம் அதில் குறிப்பிட்டேன். அவர் பாதிப் பணத்தைத் திருப்பிக்கொடுத்தார். மறு பாதி என் நட்டம். அந்த ஆண்டு நான் நகை எதுவும் எடுக்கவில்லை.

அந்தக் கோடையில், நான் இறுதித் தேர்வு எழுத ஒரு வாரம் நெல்லையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, கலால் துறையிலிருந்து எங்கள் நான்கு ஆபீஸ்களுக்கும் நோட்டீஸ் வந்தது. இவை எல்லாம் ஒரே தொழிலின் துண்டுகள் என்று ஏன் கருதக்கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். படிக்கிறவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று வீட்டில் எனக்குச் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை, நாங்கள் பூஜையன்று கையெழுத்திட்டிருந்த பழைய தாள்களை எடுத்தார். மூத்தாரின் பதிலை எங்கள் தணிக்கையாளர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற மூன்றையும் கணக்குப்பிள்ளையே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்.

விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. என் பதிலின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். என் கையெழுத்துக்கு மேலே, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: 'என் மனைவியின் பெயரில் உள்ள நிறுவனத்துக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. நான் என் தொழிலை என் மனைவியின் உதவியின்றிச் சுதந்திரமாக நடத்திவருகிறேன்.'

கணக்குப்பிள்ளையை அழைத்துக் கேட்டேன். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நாலு ஆபீசுக்கும் ஒரே பதில்தானம்மா. பெரிய அண்ணாச்சி லெட்டரப் பாத்து அப்படியே அடிச்சேன். பேரை மட்டும் மாத்தினேன்."

அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவள் நான். தை மாதம் சாவியை வாங்கியவள், பெட்டியில் பூட்டியிருந்த அந்தத் தாள்களை வாங்கிக் கிழித்துப்போட மறந்திருந்தேன்.

அன்று மாலை, நான் அத்தான் என்று அழைக்கும் மூத்தார் வந்தார். தணிக்கையாளரை அனுப்பிவிடலாம், தட்டச்சுப் பிழை என்று அவர் சொல்லிவிடுவார், நான் போக வேண்டியதே இல்லை என்றார். நான் போவதாகச் சொன்னேன்.

"போயி என்ன சொல்லப்போற?"

"உள்ளதத்தான் அத்தான். தைக்கு முந்தி இந்த ஆபீஸ நான் நடத்தல. தையிலேருந்து நடத்துதேன்."

"முந்தி நடத்தலன்னு நீயே சொன்னா, அத்தன வருச வரியும் ஒன் வீட்டுக்காரன் தலையில விழும். யோசிச்சியா? பொய்யா நடத்துன ஆபீஸுன்னு ஊரு பேசும். ரெண்டு தலமுறப் பேரு."

"பேரு போயிரக்கூடாதுன்னுதான் போறேன். எனக்கு மனைவி இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டுருக்கேன். அதைப் பிழைன்னு சொன்னா, மத்ததெல்லாம் படிச்சுப் பாத்துப் போட்டேன்னு ஆகும்லா. அதுவும் பொய்தானே."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "காலைல ஏழு மணி பஸ்ஸுக்கே போயிருவோம்" என்றார். மூத்தார் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்.

திருநெல்வேலி கலால் அலுவலகத்தின் விசாரணை அறையில் நானும் அதிகாரியும், தட்டச்சர் ஒருவரும். கணவர் வெளியே பெஞ்சில் இருந்தார். அதிகாரி என் பதிலை எடுத்து அந்த வரியை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது தெரிந்தது; அடக்கிக்கொண்டதற்காக அவரை மதித்தேன்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுடையது. கடிதம் என்னுடையது இல்லை. வெற்றுத் தாளில் முன்கூட்டியே போட்ட கையெழுத்து அது. அந்தத் தவறுக்கு நான்தான் பொறுப்பு. இன்று நான் வாயால் சொல்வதை என் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்."

அவர் தட்டச்சரை எழுதிக்கொள்ளச் சொன்னார். தை மாதத்துக்கு முன் ஆபீஸை நடத்தியவர் என் கணவர் என்றும், அதற்குப் பின் நான் என்றும் சொன்னேன். முந்தைய ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதை நான் எதிர்க்கவில்லை, பிந்தையதைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இப்படிச் சொல்லலாமே, நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கு என்ன சாட்சி என்றார். பதிவேடுகளைக் கொடுத்தேன். புரட்டிவிட்டு, பதிவேடுகள் எல்லோரிடமும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை.

அப்போது குச்சி வியாபாரிக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தின் நகலையும், அவர் கோபமாக எழுதிய பதிலையும் எடுத்துவைத்தேன். அந்தப் பதிலில் வியாபாரி, 'உங்கள் வீட்டுக்காரரிடம் இத்தனை வருசம் வியாபாரம் செய்தேன், அவர் ஒருநாளும் இப்படி எழுதியதில்லை. இனி உங்களோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். மீதி நட்டத்தை யார் தாங்கினார் என்று கேட்டார். நான் என்றேன். வங்கிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பிறகு அரை மணி நேரம் மருந்துக் கலவை, மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் கூலி, மழைக்காலத்தில் குச்சி உலர்த்துவது என்று கேட்டுக்கொண்டே போனார். நான் ஒருமுறைகூடக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கணவர், "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். வழியில் எனக்கு ஒரு சர்பத் வாங்கிக்கொடுத்தார். திருமணமானதிலிருந்து அதுவரை கடையில் நின்று அவரோடு ஒன்றும் குடித்ததில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. தை மாதத்துக்கு முந்தைய ஆண்டுகளுக்கு என் ஆபீஸ் கணவரின் ஆபீஸோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அந்த வரியைக் கணவர் தவணையில் கட்டினார். வீட்டில் கட்டிக்கொண்டிருந்த மாடி இரண்டு ஆண்டு கூரையில்லாமல் நின்றது. அதைப் பார்த்துத்தான் ஊர் பேசியது. தை மாதத்துக்குப் பின்னதற்கு உத்தரவில் ஒரு பத்தி இருந்தது. உரிமையாளர் தொழிலின் எல்லா நிலைகளையும் நேரடியாக அறிந்தவர், இலாப நட்டத்தைத் தாமே ஏற்பவர், ஆகவே அந்நிறுவனம் தனித்ததே என்று அதில் கண்டிருந்தது. கணவர் அந்தப் பத்தியை எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்துவிட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார். பட்டயத் தேர்விலும் முதல் வகுப்பில் தேறியிருந்தேன். ஆனால் யாராவது நான் என்ன படித்தேன் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பத்திதான்.

மூத்தாரின் ஆபீஸ்களைப் பற்றிய விசாரணை தனியாக இழுத்துக்கொண்டே போனது. அவர் நான்கு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஐப்பசியில் ஒருநாள் என் ஆபீஸுக்கே வந்தார். பெட்டி அடைக்கும் பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவர் உட்காராமல் நின்றே பேசினார்.

"ஒன் அக்கா பேருல உள்ள ஆபீஸுக்கும் தேதி குடுத்துட்டான். காயிதத்தையெல்லாம் கணக்குப்பிள்ளைட்ட குடுத்துவிடுதேன். நீ ஒருக்கா பாத்துரு."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அவர் வயதுக்கும் உறவுக்கும் எதிர்ப்பேச்சு பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

"பாக்குதேன் அத்தான். கணக்குப்பிள்ளைட்ட வேண்டாம். அக்காவையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அது அவிய ஆபீஸுல்லா."

அவர் என் மேசையையும், அதன்மேல் திறந்திருந்த கூலிப் பதிவேட்டையும், சுவரிலிருந்த உரிமத்தையும் பார்த்தார். "எத்தன மணிக்கு வரச் சொல்லட்டும்?" என்றார்.

ஒன்பது மணிக்கு என்றேன். எட்டே முக்காலுக்கே மூத்தாரின் மனைவி வாசலில் நின்றார், கோப்புகளைச் சேலைத் தலைப்பால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு. உள்ளே வந்ததும் தாழ்ந்த குரலில், "இதுல ஒண்ணையுமே நான் படிச்சது கிடையாதுட்டி" என்றார். முதல் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, வாசிக்கச் சொன்னேன்.